வலது கைப்பக்கம் கடல்

ராயபுரம் ரயில் நிலையத்தில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை சைக்கிளில் போனால் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். காசிமேடு தாண்டியதும் கடல் வலது கைப்பக்கம் வந்து சேர்ந்துகொள்ளும். அதற்கப்புறம் எண்ணூர் வரைக்கும் விட்டு விட்டுக் கூடவே வரும். ஏற்றம் என்று சொன்னால் இரண்டு மூன்று பாலங்கள்தான். சைக்கிள் ஓட்டுகிற நண்பர்களிடம் இந்த வழியைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அவர்களுக்குக் கடலோரச் சாலை என்றால் அது ஈ.சி.ஆர்.தான். விடிகாலை நாலரைக்குத் திருவான்மியூரில் கூடி, மாமல்லபுரம் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். "வடக்கால யாராச்சும் ஓட்டுவாங்களா? டிரெய்லர்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போய்க்கினே இருப்பான்" என்றார் ஒருவர்.

டிரெய்லர் பற்றி அவர் சொன்னது நிஜம். கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நிற்கிற நாட்களில், சைக்கிள்காரனுக்கு மிஞ்சுவது சாலையோர மணல் ஒரு முழம். ஆனால் 'யாராச்சும் ஓட்டுவாங்களா' என்ற கேள்விக்கு இந்தச் சாலை ரொம்ப காலமாகப் பதில் வைத்திருக்கிறது. சங்கு ஊதுகிற நேரத்துக்கு ஆலை வாசலில் இறங்கவேண்டிய ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இதே வழியில் மிதித்திருக்கிறார்கள். அதை யாரும் ரைடு என்று சொன்னதில்லை. டூட்டிக்குப் போவது என்பார்கள்.

ஒரே கரை. தெற்கே பார்த்து ரசிக்க ஒரு கடலும், வடக்கே கல்லடுக்கித் தடுக்கவேண்டிய ஒரு கடலுமாக அது எப்படிப் பிரிந்தது என்று யோசித்துக்கொண்டே நான் இந்த வழியில் பலமுறை போயிருக்கிறேன். சைக்கிள் வேகம் இதற்குத் தோதானது. பஸ்ஸில் போனால் ஒன்றும் கண்ணில் படாது, நடந்தால் பாதியிலேயே கால் சொல்லிவிடும்.

சாலைக்கு முன்னால் இங்கே வழி என்பது தண்ணீர்தான். 1708இல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த ஐந்து ஊர்களில் திருவொற்றியூரும் எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கமும் உண்டு. நகரத்துக்கு இங்கிருந்து வேண்டியிருந்தது உப்பும் விறகும். அவற்றைக் கொண்டுவர 1806இல் மதராஸிலிருந்து எண்ணூர் உப்பங்கழி வரை ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதைத் தன் செலவில் எடுத்து நடத்தியவர் பேசில் காக்ரேன் என்ற வியாபாரி. அதனால் அது காக்ரேன் கால்வாய் ஆயிற்று. பிறகு வடக்கே ஆந்திரக் கரை வரைக்கும் தெற்கே மரக்காணம் வரைக்கும் நீண்டது. 1876-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த பட்டினிச் சனங்கள் நகரத்துக்குள் அதன் நடுத்துண்டை வெட்டினார்கள். பேர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போனது. ரயிலும் இந்தப் பக்கத்தில்தான் பிறந்தது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்த நிலையக் கட்டடம் தூண்களோடு இன்னும் நிற்கிறது. இந்தியாவில் எஞ்சியிருக்கும் ரயில் நிலையங்களில் மிகப் பழையது அதுதான். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு டீ குடிப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ.

துறைமுகத்துக்கு வருகிறேன். கதை அங்கேதான் இருக்கிறது.

மதராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் இறக்கிக்கொண்டு வரும். நனையாமல் கரை சேர்ந்தவர் பாக்கியவான். 1861இல் கடலுக்குள் நீளும் ஓர் இரும்புப் பாலம் கட்டிப் பார்த்தார்கள், போதவில்லை. 1876 வாக்கில், கரையிலிருந்து இரண்டு கைகளைப் போலக் கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டி, கிழக்குப் பார்த்து வாய் வைத்து, செயற்கையாக ஒரு துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் வந்து அந்தக் கைகளை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயை அடைத்து வடகிழக்கில் புதிய வாய் திறந்தார். இவ்வளவு பாடும் எதற்கென்றால், கிழக்கு வாயில் மணல் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது.

அந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதைச் சைக்கிள்காரனுக்குச் சுலபமாக விளக்கலாம். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரைக்கும் ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு மிதித்துப் பாருங்கள். தென்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். போகும்போது பெரிய வீரன் மாதிரி இருக்கும், திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் நிற்கும். தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலைகளும் அப்படித்தான் கரையோர மணலை வடக்கே நகர்த்துகின்றன. வாடைக்காற்று மாதங்களில் மணல் தெற்கே திரும்பி வரும், ஆனால் போனதில் ஒரு பங்குதான். வருஷக் கணக்கு முடித்துப் பார்த்தால் சோழமண்டலக் கரையின் மணல் வடக்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கிற ஒரு நதி.

அந்த நதிக்குக் குறுக்கே துறைமுகத்தின் தென்கை நீண்டது. மணல் அதற்குத் தெற்கே தேங்கிற்று. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவுவதற்கு ஒரு நடைபாதை போட்டு 'மெரினா' என்று பேர் வைத்தபோது கரை இப்போது இருப்பதைப் போல் அகலமாக இல்லை. வருஷத்துக்கு வருஷம் மணல் சேர்ந்து சேர்ந்துதான் அது இப்படி விரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சுண்டல் வாங்கிக்கொண்டு அலையைப் பார்க்கப் போகிறோமே, காலடியில் அந்த அகலம் முழுக்க ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல். அலைக்கு எந்நேரமும் கொஞ்சம் மணலைச் சுமந்துகொண்டு போகவேண்டும். தெற்கிலிருந்து வருவது நின்றுவிட்டதால் துறைமுகத்துக்கு வடக்கே அது கரையையே தின்னத் தொடங்கியது. மெரினாவும் வடசென்னைக் கடலரிப்பும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றுக்குச் சோறு கிடைத்தது, இன்னொன்றின் தட்டிலிருந்து எடுத்து.

என் அத்தை திருவொற்றியூர்ப் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். "எங்களுக்கும் கடலுக்கும் நடுவுல நாலு தெரு இருந்துச்சுடா" என்பார். "மொதல்ல கட்டுமரத்தை இழுத்து வெக்கிற மணலு. அப்பால வலை காயப்போடுற எடம். அப்பால கோயிலு. அதுக்கும் இந்தாண்டதான் வீடுங்க. இப்ப வீட்டு வாசல்ல கல்லு, கல்லுக்கு அந்தாண்ட கடலு. கட்டுமரத்தை எங்கடா வெப்பாங்க?" மணற்கரை என்பது மீனவருக்குக் காற்று வாங்கும் இடம் கிடையாது. அது அவர்களுடைய பட்டறை, களம், சந்தை. நாம் தெற்கே கடற்கரை என்று சொல்வதும் அத்தை சொல்வதும் ஒரே சொல்தான், பொருள் வேறு.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் பாறை கிடையாது, தோண்டினால் மணலும் களிமண்ணும்தான். ஆனால் காசிமேட்டிலிருந்து வடக்கே போகப் போகச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குக் கருங்கல் குவிந்து கிடக்கிறது. ஒவ்வொரு கல்லும் எங்கோ உள்நாட்டில் ஒரு குன்றிலிருந்து வெடி வைத்து உடைத்து லாரியில் வந்தது. சென்னையின் தெற்குக் குன்றுகளான பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறைக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு இந்தக் கல் போயிருந்தது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அங்கே வைத்து அதைக் கவனித்து அந்தப் பேரைச் சூட்டினார். நம்ம ஊர்க் கல்லுக்கு வேறோர் ஊர்க்காரர் பேர், அதுவும் அவர் தலைமேல் கிடந்ததற்காக! மலைப்பாதை கேட்கிற சைக்கிள் நண்பர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: இங்கேயும் மலை இருக்கிறது, உடைத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள்.

கல் போட்டாலும் தீராததால் கடலுக்குள் நீட்டி நீட்டித் 'தூண்டில் வளைவு' கட்டுகிறார்கள். துறைமுகத்தின் கை செய்ததைத்தான் இதுவும் சின்ன அளவில் செய்யும். தெற்கே கொஞ்சம் மணல் பிடிக்கும், வடக்கே இருக்கிற அடுத்த குப்பத்துக்குப் பசியை அனுப்பும். அந்தக் குப்பம் போராடி ஒரு தூண்டில் வளைவு வாங்கும். பிறகு அதற்கு அடுத்த குப்பம். எக்ஸ்பிரஸ் ரோட்டில் மிதித்துக்கொண்டே இந்த வளைவுகளைக் கடந்தால் மனுக்கள் கல்லாக மாறி வரிசையாகக் கிடப்பது போலத் தெரியும்.

திருவொற்றியூரின் பேரே இந்த விஷயத்தில் ஒரு வேடிக்கை. ஊழி வெள்ளத்தைச் சிவன் ஒற்றி எடுத்து விலக்கிய இடமாம், அதனால் ஒற்றியூர் என்பது தலபுராணம். கடல் ஏறிவந்த நினைவும் பின்வாங்கிய நினைவும் இந்த ஊரின் பேரிலேயே இருக்கின்றன. 'ஒற்றி' என்றால் அடமானம் என்றும் பொருள் உண்டு. நாம் பேச்சில் ஒத்தி, போக்கியம் என்கிறோமே, அதே ஒத்தி. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம், சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பிய வட்ட முதுகுக் கருவறை கோயிலுக்குள் இருக்கிறது. மலையில்லாத இந்தக் கரைக்கு அப்போதும் கல் வந்திருக்கிறது, வேறு காரியத்துக்கு. கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. காதற்ற ஊசிக்கணக்குப் போட்டவர் கடைசியாக வந்து உட்கார்ந்த இடத்துக்கு முன்னால் இன்றைக்குக் கன்டெய்னர்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன.

இந்தச் சாலைக்கு சைக்கிள் எப்போது வந்தது? சுதந்திரத்துக்கு முன்னால் ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறி இதே துறைமுகத்தில் இறங்கின. அப்போது அது வாத்தியார், குமாஸ்தா, டாக்டர் ஓட்டுகிற வண்டி. 1949இல் முருகப்பா குழுமமும் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினார்கள். 1951இல் அம்பத்தூரிலிருந்து உள்ளூர் ஹெர்குலிஸ் வரத் தொடங்கியது. அதே காலத்தில் வடக்குக் கரையில் ஆலைகள் எழுந்தன. விம்கோ தீப்பெட்டி ஆலை முன்பே இருந்தது. இன்றைக்கு மெட்ரோ ரயில் நிலையத்துக்கே அந்தப் பேர்தான். 1946இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியது பிற்பாடு எம்.ஆர்.எஃப். டயர் ஆனது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. 1955இல் அது அசோக் லேலண்டாகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர் பெற்றது.

எனக்குப் பிடித்தது புல்லட்டின் கதை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ஊசி செய்துகொண்டிருந்த கம்பெனி ஒன்று சைக்கிளுக்கு மாறியது, துப்பாக்கி பாகங்களும் செய்தது, அப்புறம் மோட்டார் சைக்கிள். அதுதான் ராயல் என்ஃபீல்டு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா. அடுத்த வருஷம் திருவொற்றியூரில் தொழிற்சாலை. 1970 வாக்கில் இங்கிலாந்தில் கடையைக் கட்டிவிட்டார்கள், திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. சைக்கிள் கம்பெனியாக இருந்து மோட்டாருக்கு மாறிய அந்தப் பேரை உயிரோடு வைத்திருந்த வடசென்னைத் தொழிலாளி, வேலைக்குச் சைக்கிளில் போனான். அவன் செய்த வண்டி அவன் சம்பளத்துக்கு எட்டாது.

என் மாமா ஒருவர் இந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் மூன்று ஷிஃப்டும் பார்த்தவர். அவருடைய சைக்கிளைப் பற்றி அவர் பேசுவது மாட்டைப் பற்றிப் பேசுவது மாதிரி இருக்கும். வருஷா வருஷம் வரி கட்டி முன்னால் மாட்டிக்கொள்ளும் வில்லை. ராத்திரி ஷிஃப்டுக்கு டைனமோ விளக்கு. அது எரியாவிட்டால் போலீஸ்காரர் வால்டியூபில் காற்றைப் பிடுங்கிவிடுவாராம். டபுள்ஸ் போனாலும் அதே தண்டனை. சைக்கிள் இல்லாதவனுக்கு மணிக்கணக்கில் வாடகை சைக்கிள். "ரெண்டு மணி ஷிஃப்டு வுடும்போது ரோடே தெரியாது நைனா. எல்லாம் தலையும் ஹேண்டில்பாரும்தான். கார்க்காரன் ஓரமா நின்னுக்குவான்" என்றார். அவரிடம் அந்த வழியில் கடலைப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னுதான் பாப்போம். வாடை அடிச்சா பத்து நிமிசம் முன்னாடி கெளம்பணும்." ஒரு கடலோரப் பாதையைப் பற்றி நான் கேட்டதிலேயே துல்லியமான வர்ணனை இது. சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டி, பாம் ஹாரன் அடித்து உள்ளூர்த் தெருக்களுக்கு மீன் கொண்டுபோனவர்களும் இதே கூட்டத்தில் இருந்தார்கள். மூன்று சக்கர சைக்கிளுக்கு எங்கோ கழற்றிய இன்ஜினைப் பொருத்திப் பிறந்த மீன்பாடி வண்டி அந்த வம்சத்தின் முரட்டுப் பேரன்.

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் சா கலோப்ரா என்று ஒரு சாலை உண்டு. உலகத்துச் சைக்கிள்காரர்கள் ஒருமுறையாவது ஏறிவிட வேண்டும் என்று கனவு காண்கிற சாலை. மலையிலிருந்து பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கடலில் போய் இறங்கும். அந்தோனியோ பரியெத்தி என்ற பொறியாளர் 1932இல் போட்டது. அதில் எந்தச் சரக்கும் போகவேண்டியதில்லை. பார்க்க வருபவர்கள் இறங்கிப் பார்ப்பதற்காகவே போட்ட சாலை. நண்பர்கள் அந்தப் படங்களை அனுப்பும்போது எனக்கு எக்ஸ்பிரஸ் ரோடு ஞாபகம் வரும். இதில் பார்ப்பதற்கென்று ஒரு கஜம்கூடப் போடவில்லை. எல்லாம் சுமைக்காக. ஆனால் இதிலும் ஒரு தீவு இருக்கிறது.

எர்ணாவூர் தாண்டி, குப்பங்களைத் தாண்டி, கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு அருகே கழியின் மேல் ஒரு பாலம் வருகிறது. இந்த வழியின் கடைசி ஏற்றம். உச்சியில் நின்றால் வடக்கே கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே பழவேற்காடு வரை நீளும் மணல்திட்டு தெரியும். அதுதான் கட்டுப்பள்ளித் தீவு. அதன் மறுமுனையான பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். மதராஸ் பிறப்பதற்கு முன்பே இந்தக் கரையில் வியாபாரம் கொழித்தது அங்கேதான். இப்போது தீவின் தென்பாதியில் 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், இன்றைய பேர் காமராஜர் துறைமுகம். அதற்கு வடக்கே கட்டுப்பள்ளித் துறைமுகம். அதற்காக கட்டுப்பள்ளிக் குப்பம் தன் இடத்தைவிட்டு நகர்ந்தது.

தீவுக்கு மலையும் உண்டு. ராயபுரத்துக் கரித்தூள் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2011 அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாள்வது நின்றது. ராயபுரம் மூச்சு விட்டது. நிலக்கரி நிற்கவில்லை, 15 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்தது. மணல் போகிற அதே திசை. 1970இலிருந்து ஓடிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதற்குள் வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூரும் கழியைச் சுற்றி எழுந்துவிட்டன. பாலத்திலிருந்து பார்த்தால் கறுப்புக் குவியல், சாம்பல் குவியல், புகைபோக்கிகள். சாம்பல் கரைந்து கழியின் அடியில் படிந்து ஆழம் குறைந்துபோனதால், இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கு இப்போது பிடிமானம் இல்லை. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், எர்ணாவூர்க் கற்சுவரில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். மிச்சாங் புயலின்போது, 2023 டிசம்பரில், இந்த முறை மணலிப் பக்கத்திலிருந்து, மறுபடி எண்ணெய் கழிக்குள் வந்தது.

இப்போது கட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பல மடங்கு பெரிதாக்க ஒரு திட்டம் இருக்கிறது. பழவேற்காட்டு மீனவர்கள் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களில் முதலாவது, மேலே நான் சொன்ன மணல் கணக்கு. இந்தத் துறைமுகங்களின் கைகளுக்குத் தெற்கே மணல் சேர்கிறது, வடக்கே கரை தேய்கிறது. தேய்ந்துகொண்டிருக்கும் அந்தக் கரை மெல்லிய திட்டு. அதற்கு ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பழவேற்காட்டு ஏரி. ராயபுரத்தில் அலை தின்பதற்குத் தெருக்கள் இருந்தன. அங்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் தின்பதற்கு அவ்வளவு மணல் கிடையாது. 1876இல் இந்தக் கணக்கு முழுசாகத் தெரியாமல் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது அப்படிச் சொல்ல வழியில்லை. மெரினாவிலிருந்து கிளம்பி ஒரு சைக்கிளில் வடக்கே வந்தால் அரை நாளில் விடை தெரிந்துவிடும்.

போன மாசி மாதம் அந்தப் பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பழைய ஹெர்குலிஸில் டிபன் கேரியர் மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார் ஒரு பெரியவர். கான்ட்ராக்ட் வேலையாம், ராத்திரி ஷிஃப்டு முடிந்து எர்ணாவூர் வீட்டுக்குப் போகிறார்.

"இன்னா தம்பி எடுக்கிறீங்க? கடலா, கம்பெனியா?"

"கடல்தாங்க ஐயா."

"அப்ப இந்தாண்ட வாங்க. அங்கேர்ந்து எடுத்தா பைப்புதான் வரும்."

அவர் சைக்கிளை நிறுத்தி நான் நிற்கவேண்டிய இடத்தைக் காட்டினார். படம் எடுத்ததும் ஃபோனை வாங்கிப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். காற்று எந்தப் பக்கம் என்று ஒருமுறை முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். தென்காற்று. எர்ணாவூர் வரைக்கும் எதிர்த்துத்தான் மிதிக்கவேண்டும். இறக்கம் முடிகிறவரை மிதிக்காமலே போனார்.